கடைகள், விடுதிகள், அலுவலகங்கள்: தண்ணீர் விலை ஏறினால் பயன்பாடு எவ்வளவு குறையும் என்று கணக்கிடுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடிநீர் வழங்கும் ஓர் அமைப்பின் வணிக இணைப்புகளுக்கான சில வருட பில் தரவு கையில் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பும் மாதம் எத்தனை கிலோலிட்டர் எடுத்தது, எவ்வளவு கட்டியது என்பது தெரியும். கட்டிய தொகையை அளவால் வகுத்து விலை கண்டுபிடித்து, விலைக்கும் அளவுக்கும் லாக் (மடக்கை) எடுத்து ரிக்ரஷன் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு) போட்டால் விலை நெகிழ்ச்சி −1.4 வருகிறது. அதாவது விலை 1 சதவீதம் ஏறினால் பயன்பாடு 1.4 சதவீதம் குறையுமாம். இதை வைத்து அடுத்த கட்டண உயர்வுக்கு வருவாய்க் கணக்குப் போடலாமா?

போடக்கூடாது. அந்த −1.4-இல் பெரும்பகுதி உங்கள் வகுத்தலில் பிறந்தது. கடைக்காரர்களுக்கு அதில் பங்கு குறைவு.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கட்டண முறை: மாத நிலைக்கட்டணம் 100, அதற்கு மேல் கிலோலிட்டருக்கு 10. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். 10 கிலோலிட்டர் எடுக்கும் சிறிய கடையின் பில் 200, சராசரி விலை 20. 100 கிலோலிட்டர் எடுக்கும் விடுதியின் பில் 1,100, சராசரி விலை 11. இந்த இரண்டு புள்ளிகளையும் லாக் அளவில் இணைத்தால் சாய்வு சுமார் −3.85. இங்கே யாருக்கும் விலை மாறவே இல்லை. இன்னும் ஒரு கிலோலிட்டர் எடுத்தால் இருவரும் கட்டப்போவது அதே 10தான். ஆனாலும் விலை குறைந்ததால்தான் விடுதி அதிகம் எடுக்கிறது என்று ரிக்ரஷன் சத்தியம் செய்யும்.

இப்போது நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டு ஸ்லாப் வைப்போம். முதல் 20 கிலோலிட்டருக்கு 10, அதற்கு மேல் 20. பத்து கிலோலிட்டர் எடுப்பவருக்குச் சராசரி 10. நூறு எடுப்பவர் 1,800 கட்டுகிறார், சராசரி 18. சாய்வு இப்போது +3.9. விலை ஏற ஏறத் தண்ணீர் அதிகம் செலவாகிறது என்ற அதிசயம் கிடைக்கும்.

இரண்டிலும் கோளாறு ஒன்றுதான். விலை அளவைத் தீர்மானிக்கிறதா என்று கேட்கிறோம். ஆனால் நாம் போட்ட விலையே அளவிலிருந்து பிறந்தது. போதாததற்கு மீட்டர் ரீடிங்கில் பிழை இருந்தாலும் அதே வேலை நடக்கும். அளவு தவறுதலாகக் குறைந்து பதிவானால் நிலைக்கட்டணத்தின் பாரம் கூடி, சராசரி விலை தானாக உயர்ந்துவிடும். எனவே எந்தச் சமன்பாடு, எந்த மென்பொருள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது, உங்கள் தரவில் விலை ஏன் மாறியது? நுகர்வோர் தன் பயன்பாட்டை மாற்றியதால் மாறிய விலை உதவாது. கட்டண அட்டவணை மாறியதால் மாறிய விலைதான் வேண்டும்.

ஆகவே பில்லை ஒதுக்கிவிட்டு, அட்டவணைகளைத் தேடி எடுங்கள். தரவுக் காலம் முழுவதற்கும் எந்தத் தேதியில் எந்த ஸ்லாப், எந்த மீட்டர் அளவுக்கு என்ன நிலைக்கட்டணம், வணிகப் பிரிவுக்குத் தனி விலை உண்டா என்று எல்லாம் வேண்டும். அதோடு கழிவுநீர்க் கட்டணமும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பல நகரங்களில் கழிவுநீர்க் கட்டணம் தனியாக அளக்கப்படுவதில்லை, எடுத்த தண்ணீரின் அளவை வைத்தே போடப்படுகிறது. அப்படியானால் ஒரு கிலோலிட்டரைச் சேமிப்பவருக்கு இரண்டு கட்டணமும் மிச்சமாகிறது. அவருக்கு உண்மையான இறுதிநிலை விலை, அதாவது கடைசி ஒரு கிலோலிட்டருக்கான விலை, இரண்டின் கூட்டுத்தொகை. தண்ணீர் விலை 10, கழிவுநீர் 12 என்று இருக்கும்போது தண்ணீர் விலை மட்டும் 11 ஆனால், உங்கள் தாளில் 10 சதவீத உயர்வு. அவர் பையில் 4.5 சதவீத உயர்வு. நெகிழ்ச்சியைப் பாதிக்கும் குறைவாகக் காட்டிவிடுவீர்கள்.

சரி, இறுதிநிலை விலையா, சராசரி விலையா? இந்தச் சண்டை பழையது. ஸ்லாப் முறையில் இறுதிநிலை விலை மட்டும் போதாது, முன் ஸ்லாப்களில் மிச்சமான அல்லது கூடுதலாகக் கட்டிய தொகையையும் ஒரு வருமான விளைவாகச் சேர்க்க வேண்டும் என்று 1976-இல் பொருளியலாளர் நார்டின் காட்டினார். அது மின்சாரத்துக்காகச் சொன்னது, தண்ணீருக்கும் அப்படியே வந்துவிட்டது. வீடுகளுக்கு இது பொருந்தும். நிறுவனங்களுக்கு இதை அப்படியே தூக்கிவந்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லாபம் பார்க்கும் நிறுவனத்துக்குத் தண்ணீர் ஓர் உள்ளீடு. செலவைக் குறைக்கப் பார்ப்பவர் கடைசிக் கிலோலிட்டரின் விலையைத்தான் பார்ப்பார். முந்தைய ஸ்லாப்களில் என்ன கட்டினார் என்பது கடையை நடத்துவதா மூடுவதா என்ற முடிவைத் தொடலாம், எத்தனை லிட்டர் என்பதைத் தொடாது. கோட்பாடு அப்படித்தான் சொல்கிறது.

நடைமுறை வேறு. பில்லை யார் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். குழாயைத் திறப்பவர் சமையலறையில் இருக்கிறார். பில்லைக் கட்டுபவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சங்கிலி நிறுவனமாக இருந்தால் அவர் வேறு ஊரிலேயே இருப்பார். அவர் கண்ணில் படுவது மொத்தத் தொகை, போன மாதத்தைவிட எவ்வளவு கூடியது என்பது மட்டும். எந்த ஸ்லாபில் நிற்கிறோம் என்று அவர் பார்ப்பதில்லை. நுகர்வோர் உணரும் விலை எது என்பதைத் தரவையே கேட்டுவிடலாம் என்று 1985-இல் ஷின் ஒரு வழி காட்டினார். 2014-இல் இட்டோ மின்சார பில்களை வைத்து, வீடுகள் சராசரி விலைக்கே அசைகின்றன என்று வலுவாகக் காட்டினார். வணிகத்தில் நான் இரண்டையும் சமன்பாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், அதுவும் பெரிய இணைப்புகளுக்கும் சிறியவற்றுக்கும் தனித்தனியாக. மின்சாரம், தண்ணீரைக் கவனிக்கவே ஒரு பொறியாளரை வைத்திருக்கும் மருத்துவமனையும், முடிதிருத்தும் கடையும் விலையை ஒரே கண்ணால் பார்க்க வாய்ப்பில்லை.

எந்த விலையைத் தேர்ந்தாலும் அது அளவிலிருந்து பிறக்கும் சிக்கல் ஸ்லாப் முறையில் தீராது. இறுதிநிலை விலைகூட நீங்கள் எந்த ஸ்லாபில் விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்ததுதானே. இதற்குக் கருவி மாறி வேண்டும்: விலையை அசைக்கும், ஆனால் அந்த விலை வழியாகத் தவிர அளவைத் தொடாத ஒன்று. நல்ல கருவி அட்டவணையிலேயே இருக்கிறது: ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அடிப்படை அளவை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவை ஒவ்வொரு காலத்து அட்டவணையிலும் ஓட்டி, என்ன விலை வந்திருக்கும் என்று கணக்கிடுங்கள். அளவு மாறவில்லை, அட்டவணை மட்டும் மாறுகிறது. ஆகவே அந்தக் கற்பனை விலையில் தெரியும் ஏற்ற இறக்கம் முழுவதும் கட்டணம் வைத்தவரின் செயல். உண்மை விலைக்கு இதைக் கருவியாக வைத்து இரண்டு கட்ட ரிக்ரஷன் போடலாம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. அடிப்படை அளவாக ஒரே ஒரு மாதத்தையோ ஒரே ஆண்டையோ எடுத்தால், அப்போது ஏதோ காரணத்தால் அதிகம் எடுத்தவர்கள் அடுத்த ஆண்டு இயல்புக்குத் திரும்புவார்கள். மேல் ஸ்லாபின் விலை ஏறிய ஆண்டிலேயே இது நடந்தால் விலைக்குப் பயந்து குறைத்ததுபோல் தெரியும். ஒரு குழாய் வெடித்து இரண்டு மாதம் ஒழுகிய கட்டடம் இப்படித்தான் சிக்கனத்தின் முன்மாதிரி ஆகிவிடும். பல ஆண்டுச் சராசரியை, முடிந்தால் விலை மாற்றத்துக்கு வெகு முன்பிருந்து எடுங்கள்.

ஹெவிட், ஹேன்மன் இருவரும் 1995-இல் தண்ணீருக்குக் கொண்டுவந்த, ஸ்லாபைத் தேர்வதையும் அளவைத் தேர்வதையும் சேர்த்து மதிப்பிடும் கட்டமைப்பு மாதிரி இன்னொரு பாதை. அழகான வேலை. ஆனால் நுகர்வோர் தான் நிற்கும் ஸ்லாபைத் துல்லியமாக அறிந்து முடிவெடுக்கிறார் என்று அது நம்புகிறது. மேலே சொன்ன கணக்குப் பிரிவுக்காரரை நினைத்தால் எனக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை.

பேனல் தரவு (ஒரே இணைப்புகளைப் பல மாதம் தொடரும் தரவு) இருப்பதால் ஒவ்வொரு இணைப்புக்கும் நிலையான விளைவு (அதன் மாறாத தன்மைகளுக்கான தனி எண்) ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடையின் அளவு, வகை, கட்டடத்தின் வயது எல்லாம் அதில் அடங்கிவிடும். சிக்கல் நேர விளைவில் வருகிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விளைவு சேர்த்தால் மழை, விழாக்காலம், பொருளாதார மந்தம் எல்லாம் போய்விடும். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விகிதத்தில் விலை ஏறியிருந்தால் அந்த விலை உயர்வும் கூடவே போய்விடும். மிஞ்சுவது ஒன்றுமில்லை. சேர்க்காவிட்டாலோ, விலை ஏறிய அதே காலத்தில் நடந்த மற்ற எல்லாமே விலையின் கணக்கில் ஏறும். இது சின்ன ஆபத்து இல்லை. தண்ணீர் விலை பெரும்பாலும் வறட்சியை ஒட்டித்தான் ஏறுகிறது; அப்போதே கட்டுப்பாடுகளும் பிரசாரமும் வரும். கலிபோர்னியாவில் 2015 ஏப்ரலில் நகர்ப்புறத் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க ஆளுநர் உத்தரவிட்டார். அந்த ஆண்டின் குறைவை விலைக்கு எழுதினால் உத்தரவின் வேலையை விலைக்குக் கொடுத்ததாகும். 2020-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அலுவலகங்கள் பூட்டிக் கிடந்த மாதங்களை நெகிழ்ச்சிக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடுவதுதான் நல்லது.

ஆகவே ஒரே நேரத்தில் ஆளுக்கு ஆள் வேறுபட்ட விலை மாற்றம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மேல் ஸ்லாப் மட்டும் ஏறியிருக்கலாம். பெரிய மீட்டர்களுக்கு மட்டும் மாறியிருக்கலாம். கழிவுநீர் இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஏறி, இல்லாதவர்களுக்கு ஏறாமல் இருந்திருக்கலாம். இது அருமையான வாய்ப்பு, பலர் கவனிப்பதில்லை. பக்கத்து அமைப்பின் தரவும் கிடைத்தால், எல்லைக்கு இருபுறமும் உள்ள ஒரே மாதிரிக் கடைகளை ஒப்பிடலாம்.

இங்கேயே இன்னொன்று. பத்தாயிரம் இணைப்பு, அறுபது மாதம், ஆறு லட்சம் வரிசை என்று மகிழ்ந்து போகாதீர்கள். விலை மூன்று முறைதான் மாறியிருக்கிறது, இரண்டு பிரிவுகளுக்குத்தான் வேறுபட்டது என்றால், விலையைப் பற்றி உங்களுக்கு உண்மையில் சொல்லத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மென்பொருள் அச்சிடும் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) இது தெரியாமல் மிகச் சிறியதாக வரும். விலை எந்த மட்டத்தில் மாறுகிறதோ அந்த மட்டத்தில் குழுவாக்கிப் பிழையைக் கணக்கிட வேண்டும். குழுக்கள் மிகக் குறைவு என்றால் தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரி எடுக்கும் பூட்ஸ்ட்ராப் போன்ற முறைகளுக்குப் போக வேண்டும்.

இனி வணிகத்துக்கே உரிய விஷயம். வீடுகளைப் பற்றிய கணக்கில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காரியங்களைச் செய்கிறார்கள்: குளியல், சமையல், துவைத்தல். வணிக இணைப்பு என்ற பெயரில் சலவை நிலையமும் வங்கிக் கிளையும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. தண்ணீர் எங்கே போகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் நெகிழ்ச்சி எங்கிருந்து வரும் என்பது புரியும்.

பெரிய கட்டடத்தின் கூலிங் டவரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டலுக்காக மாதம் 100 கிலோலிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம். ஆவியாகும்போது உப்பு பின்னால் தங்கி அடர்த்தி கூடும். அதனால் ஒரு பகுதித் தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றிப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். உப்பு மூன்று மடங்கு அடர்த்தி அடையும்வரை விட்டால் வெளியேற்றுவது 50, மொத்தம் எடுப்பது 150. வேதிப் பராமரிப்பை மேம்படுத்தி ஆறு மடங்குவரை விட்டால் வெளியேற்றுவது 20, எடுப்பது 120. குளிர்ச்சி கொஞ்சமும் குறையாமல் 20 சதவீதம் மிச்சம். அதற்கப்புறம் விலை என்ன ஏறினாலும் அந்த 100 ஆவியாகத்தான் செய்யும். அதாவது இங்கே பயன்பாடு மெல்ல மெல்லக் குறையாது. ஒரு நாள் ஒப்பந்ததாரரை மாற்றுவார்கள், தடாலென்று விழும், பிறகு அசையாது. லாக்-லாக் சமன்பாடு எல்லா விலையிலும் ஒரே நெகிழ்ச்சி என்று சொல்லும்போது இதை மறைத்துவிடுகிறது.

உணவகத்தில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வாருங்கள். எந்திரத்தில் வைக்கும் முன் தட்டை அலசும் கைப்பிடித் தெளிப்பான் இருக்கிறதே, அதன் பழைய வகைகள் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் ஊற்றும். அமெரிக்காவில் 2006-இல் வந்த விதி புதிதாக விற்பதை நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டருக்குள் கட்டுப்படுத்தியது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடும் தெளிப்பானை 11-இலிருந்து 6-க்கு மாற்றினால் 900 லிட்டர் மிச்சம். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சுடுநீர்; மாற்றியவர் தண்ணீரைவிட எரிபொருளை நினைத்து மாற்றியிருக்க அதிக வாய்ப்பு. ஆகவே மின்சாரம், எரிவாயு விலைகள் சமன்பாட்டில் இல்லாவிட்டால், அவை தண்ணீர் விலையோடு சேர்ந்து ஏறிய காலங்களில் உங்கள் நெகிழ்ச்சி ஊதிப்போகும். இரண்டு, விதி வந்ததால் குறைந்ததும் விலையால் குறைந்ததும் தரவில் ஒன்றுபோல்தான் தெரியும்.

பெரும்பாலான வணிகங்களில் மொத்தச் செலவில் தண்ணீரின் பங்கு மிகச் சிறியது. ஓர் உள்ளீட்டின் பங்கு சிறியதாக இருந்தால் அதன் தேவை விலைக்கு அவ்வளவாக அசையாது என்பது பொருளியலாளர்கள் ஹிக்ஸ், மார்ஷல் காலத்திலிருந்தே தெரிந்த விதி. அந்த உள்ளீட்டுக்கு மாற்று எளிதாகக் கிடைத்துவிட்டால் மட்டும் விதி தலைகீழாகலாம். வணிகத் தண்ணீரில் அந்த மாற்று என்பது பல நேரம் இன்னொரு தண்ணீர்: ஆழ்துளைக் கிணறு, டேங்கர், மறுசுழற்சி. பில் தரவில் தெரிவது குழாய்த் தண்ணீரின் தேவை மட்டும். சொந்தக் கிணறு வைத்திருக்கும் விடுதி விலை ஏறியதும் மோட்டாரைப் போட்டால் நெகிழ்ச்சி பெரிதாகத் தெரியும். ஒரு சொட்டும் சேமிக்கப்பட்டிருக்காது. வருவாய்க் கணக்குக்கு இந்த எண் சரி. நீர்ப் பாதுகாப்புக் கணக்குக்கு இதே எண்ணைக் காட்டினால் ஏமாற்றம்தான். மாற்று நீராதாரம் உள்ள இணைப்புகளை அடையாளம் காண வழி இருந்தால் முதலில் அவற்றைத் தனியாகப் பிரியுங்கள்.

வாடகைக் கட்டடங்களும் தனிக் கதை. பல கடைகளுக்கு ஒரே மீட்டர், பில் வாடகையோடு சேர்த்துப் பரப்பளவுப்படி பங்கிடப்படுகிறது என்றால், தண்ணீரைச் சேமிப்பவருக்கு மிச்சத்தில் ஒரு துளிதான் கிடைக்கும். அங்கே நெகிழ்ச்சி பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் அதில் தவறொன்றும் இல்லை.

தரவைச் சுத்தம் செய்வதில்தான் உங்கள் நேரத்தில் பாதி போகும், போகவும் வேண்டும். பில்லின் காலம் 28 நாளா 35 நாளா என்று பார்த்து ஒரு நாளைக்கான அளவாக மாற்றுங்கள். மீட்டரைப் பார்க்காமல் மதிப்பீட்டில் போட்ட ரீடிங்குகளை நீக்குங்கள், அல்லது அடுத்த உண்மை ரீடிங்கோடு சேருங்கள். தோட்டத்துக்கு மட்டுமான மீட்டரும் தீயணைப்புக் குழாய் இணைப்பும் வணிகப் பட்டியலில் கலந்திருக்கும். ஒரே வளாகத்துக்கு மூன்று மீட்டர் இருந்தால் கூட்டுங்கள். மீட்டர் மாற்றிய தேதி கட்டாயம் வேண்டும்: பழைய மீட்டர் தேய்ந்து குறைவாகக் காட்டிக்கொண்டிருக்கும், புதியது வந்ததும் பயன்பாடு குதிக்கும். மீட்டர் மாற்றத் திட்டமும் விலை உயர்வும் ஒரே ஆண்டில் வந்தால் (செலவை ஈடுகட்டத்தான் விலையையே உயர்த்தியிருப்பார்கள்) ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும்.

ஆள் மாறுவதையும் பாருங்கள். கணக்கு எண் தொடரும், உள்ளே புத்தகக் கடை போய்த் தேநீர்க் கடை வந்திருக்கும். நிலையான விளைவைக் கட்டடத்துக்கு வைப்பதா, அதில் இருக்கும் தொழிலுக்கு வைப்பதா என்பதை இது தீர்மானிக்கிறது. நான் தொழிலுக்கே வைப்பேன். மூடிப்போன கடைகளை வெறுமனே தூக்கிவிடவும் கூடாது. விலை உயர்வைத் தாங்காமல் சலவை நிலையம் மூடினால் அதுவும் விலையின் விளைவுதான். நீண்ட காலம் நீடித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்தப் பகுதி காணாமல் போகும்.

தொழிலின் அளவைக் காட்டும் மாறிகள் வேண்டும்: ஊழியர் எண்ணிக்கை, விடுதியில் நிரம்பிய அறைகள், பரப்பளவு, எது கிடைக்கிறதோ அது. விற்பனையைப் போடும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், விலை உயர்வே விற்பனையைத் தொடக்கூடிய தொழில்களில் அது விலையின் வேலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வானிலைக்கு வெப்பநிலையும் மழையும் போதும்.

காலத்துக்கு வருவோம். புதிய விலை அமலான மாதத்தில் யாரும் அசைய மாட்டார்கள், ஏனென்றால் பில் இன்னும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும் இடத்தில் கணக்கே தாமதமாகத்தான் தொடங்கும். அதனால் நிகழ்கால விலையைவிட முந்தைய பில்லின் விலை பொருத்தமானது. முதலில் ஒழுகலை அடைப்பார்கள், பிறகு ஊழியர்களுக்குச் சொல்வார்கள், சாதனம் மாற்றுவது அதன் ஆயுள் முடியும்போதுதான். நீண்டகால நெகிழ்ச்சியைப் பிடிக்க வழக்கமான வழி, போன காலத்துப் பயன்பாட்டையும் சமன்பாட்டின் வலப்புறம் சேர்ப்பது. விலையின் கெழு (சமன்பாட்டில் அதைப் பெருக்கும் எண்) −0.12, போன காலப் பயன்பாட்டின் கெழு 0.6 என்றால் நீண்டகால நெகிழ்ச்சி −0.12 ÷ 0.4 = −0.30. பார்க்க எளிது. ஆனால் அந்த 0.6 கொஞ்சம் நகர்ந்து 0.75 ஆனால் விடை −0.48. மாதத் தரவில் அந்தக் கெழு பழக்கத்தை மட்டும் காட்டுவதில்லை. பருவம், விட்டுப்போன மாறிகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டுத் தரவை ஆண்டுவாரியாக வைத்தால் நிலையான விளைவோடு சேர்ந்து அது கீழ்நோக்கிச் சாயும் என்பதை நிக்கல் 1981-லேயே காட்டிவிட்டார். நான் இதைவிட இப்போதைய விலை, ஓராண்டுக்கு முந்தைய விலை, இரண்டாண்டுக்கு முந்தைய விலை என்று நேரடியாகப் போட்டுக் கூட்டிப் பார்ப்பதையே விரும்புவேன். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: மாற்றிய தெளிப்பானை விலை இறங்கியதும் யாரும் பழையபடி மாட்டப்போவதில்லை. பணவீக்கம் கழித்த விலை ஏறிய காலத்தையும் பணவீக்கத்தால் அது தேய்ந்த காலத்தையும் ஒரே கெழுவில் அடைப்பது சரியாக வராது.

என்ன எண்ணை எதிர்பார்க்கலாம்? வீடுகளுக்கு ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்த 1997-ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி −0.51, 2003-ஆம் ஆண்டு தொகுப்பில் −0.41. வணிகத்துக்கு ஆய்வுகள் மிகக் குறைவு. 1978-இல் மயாமியில் வணிக இடங்களை வகைவாரியாகப் பிரித்துச் செய்த ஒன்று, 2004-இல் நெவாடாவின் ரீனோ பகுதியில் ஸ்லாப் கட்டணத்தின்கீழ் உள்ள வணிக நுகர்வோரைப் பேனலாக வைத்து மோல்ட்னர், ஸ்டாடர்ட் செய்த ஒன்று என்று சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் வெகுதூரம் போக முடியாது. தொழிற்சாலைகளுக்கு இன்னும் சில உண்டு: கனடாவின் உற்பத்தித் துறைகளில் ரென்சட்டி 1992-இல் கண்டது சுமார் −0.15 முதல் −0.59 வரை, பிரான்சில் ரேனோ 2003-இல் கண்டது −0.10 முதல் −0.79 வரை, சராசரி −0.29. சீனத் தொழிற்சாலைகளுக்கும் இந்தியத் தொழிற்சாலைகளுக்கும் −1-ஐ ஒட்டிய எண்கள் வந்திருக்கின்றன, ஆனால் அங்கே கையாண்ட முறை வேறு. உற்பத்தியில் தண்ணீரின் மதிப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டவை அவை. விலை மாறியபோது யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தவை அல்ல. இவற்றை ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆக, வணிகக் கலவைக்கு −0.1 முதல் −0.6 வரை எங்கே வந்தாலும் ஆச்சரியமில்லை. −1.4 வந்தால் முதல் சந்தேகம் விலை மாறியின் மேல் விழ வேண்டும்.

எண் வந்தபின் அதை எடை போட மறக்காதீர்கள். 95 சிறு கடைகள் தலா 10 கிலோலிட்டர், 5 பெரிய இணைப்புகள் தலா 1,000. சிறியவற்றின் நெகிழ்ச்சி −0.5, பெரியவற்றுக்கு −0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரிக்ரஷன் ஒவ்வோர் இணைப்பையும் சமமாக நடத்தும், −0.48-ஐ ஒட்டி விடை தரும். தண்ணீரின் அளவால் எடை போட்டால் −0.16. குழாயில் ஓடும் தண்ணீரில் ஆறில் ஐந்து பங்கு அந்த ஐந்து பேருடையது. வருவாய்க் கணக்குக்கு இரண்டாவது எண்தான். அதனால்தான் எல்லோரையும் ஒரே குவியலாக மதிப்பிடாமல் தொழில்வகை, அளவுவாரியாகப் பிரித்து மதிப்பிட்டு, பிறகு அவரவர் பங்குப்படி கூட்டச் சொல்கிறேன்.

அந்த எண்ணை விலை உயர்வோடு நேராகப் பெருக்கவும் வேண்டாம். நெகிழ்ச்சி −0.3, விலை 10 சதவீதம் ஏறுகிறது என்றால் அளவு 2.8 சதவீதம் குறையும், அளவைப் பொறுத்த வருவாய் 6.9 சதவீதம் கூடும். பெருக்கிப் பார்த்தாலும் இங்கே பெரிய வித்தியாசம் இல்லை. விலை இரட்டிப்பானால் மட்டும் பெருக்கல் 30 சதவீதக் குறைவு என்று சொல்லும், சமன்பாடு 19 என்று சொல்லும். ஆனால் உங்கள் தரவில் விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறியதே இல்லை என்றால் இரட்டிப்பைப் பற்றி இரண்டுமே ஊகம்தான்.

கடைசியாக, உங்கள் காலத்தில் ஒரே ஒரு கட்டண மாற்றம்தான் நடந்திருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் என்றால் என்ன செய்வது? நெகிழ்ச்சி என்ற ஒற்றை எண்ணை அதிலிருந்து பிழிய முயலாதீர்கள். விலை மாறாத பக்கத்து அமைப்பு ஒன்றின் வணிகத் தரவைக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் மாற்றத்துக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுப் போக்கை வகைவாரியாகப் படம் போடுங்கள். முன்பு இரண்டு கோடுகளும் ஒன்றாக நகர்ந்திருந்தால் பிந்தைய இடைவெளியை விலையின் விளைவு என்று, அகலமான நம்பிக்கை இடைவெளியோடு, எழுதலாம். முன்பே பிரிந்திருந்தால் அறிக்கையில் −0.1, −0.3, −0.6 என்று மூன்று சூழல்களுக்கும் வருவாயைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த உயர்வைப் பிரிவுக்குப் பிரிவு சில மாத இடைவெளி விட்டு அமல்படுத்த முடியுமா என்று கட்டணம் வைப்பவர்களிடம் கேளுங்கள்.